பதினான்கு மாதக் கரும்பட்டை

பாளையங்கோட்டையில் இருந்த அந்த அலுவலகத்தின் முழுப்பெயர் ‘சிறுநீரக வரலாற்றுக் கணிப்பு மையம்’ என்பதாகும். அப்பெயரை முழுமையாக உச்சரித்தவர் எவரும் இலர். ஆட்டோக்காரர் முதல் அமைச்சர் வரை அனைவரும் அதனை ‘வருஷ ஆபீஸ்’ என்றே அழைத்தனர். சர்க்கரை நோய் உள்ள ஒருவர் அங்கே ஒரு சிறு குப்பியில் சிறுநீர் கொடுத்துவிட்டு வந்தால், பத்தாம் நாள் அவருடைய கடந்த நாற்பது ஆண்டுகளும் ஒரு நீண்ட காகிதப் பட்டியில் அச்சாகி வந்துவிடும். சிறுநீரகம் நலமாக இருந்த மாதங்கள் வெளிர்மஞ்சள்; அடிபட்ட மாதங்கள் கறுப்பு.

இரண்டாயிரத்து அறுபத்து நான்காம் ஆண்டு, ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், அம்பாசமுத்திரம் இசக்கிராஜா தம்முடைய பட்டியைச் சுருட்டிக் கையில் பிடித்தவாறு அவ்வலுவலகத்தின் வாயிலில் நின்றார். வயது அறுபத்தாறு. முப்பத்தெட்டு ஆண்டுகள் தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிச் சுருள் கட்டிய விரல்கள். மனைவி கோமதி காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே மகள் தன்விகா, மதுரையில் பணிபுரிபவள், இந்த ஒரு நாளுக்காக விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

சிறுநீரகத்தில் கெட்டுப்போன வடிகட்டிகளை மீண்டும் துளிர்க்கச் செய்யும் சிகிச்சை நாட்டில் வந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் படுக்கைகள் குறைவு, நோயாளிகள் மிகுதி. எனவே அரசு மூன்று வரிசைகளை வகுத்தது. பிறவியாலோ, பிறர் செய்த கேட்டாலோ சிறுநீரகம் பழுதானவர்கள் முதல் வரிசை. மற்றொருவருக்காக உழைத்தோ, துயரத்தாலோ, வறுமையாலோ கெடுத்துக்கொண்டவர்கள் இரண்டாம் வரிசை. வாய்க்கு அடிமையாகித் தாமே கெடுத்துக்கொண்டவர்கள் மூன்றாம் வரிசை. இரண்டாம் வரிசைக்காரருக்கு ஓராண்டில் படுக்கை கிடைக்கும். மூன்றாம் வரிசைக்காரர் ஏழாண்டு காத்திருக்க வேண்டும். இசக்கிராஜாவின் சிறுநீரகம் இன்னும் இரண்டாண்டு தாங்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதன் பிறகு வாரம் மும்முறை இயந்திரத்தில் படுத்து, ஐந்தாண்டுகளைத் தள்ள வேண்டும். அம்பாசமுத்திரத்தில் அப்படித் தள்ள முயன்றவர்கள் எத்தனை பேர், தள்ளி முடித்தவர்கள் எத்தனை பேர் என்பதை அவர் நன்கு அறிவார்.

வரிசை என்பது சிகிச்சையோடு நின்றுவிடவில்லை. ‘அவன் மூணாம் வரிசை’ என்பது ஊரில் ஒரு வசவாகவே ஆகிவிட்டிருந்தது. கல்யாணப் பந்தியில் ஒருவர் இரண்டாம் முறை பாயசம் கேட்டால், அருகில் இருப்பவர் அவருடைய இலையைப் பாராமல் முகத்தைப் பார்த்தார். மக்கள் தங்களுடைய துன்பங்களுக்குச் சான்றுகளைச் சேர்த்து வைக்கத் தொடங்கினர். இன்பங்களுக்குச் சான்று வைப்பவர் எவரும் இல்லை.

அலுவலக மதிலை ஒட்டி நான்கைந்து பேர் மேசை போட்டு அமர்ந்திருந்தனர். ‘காரணம் எழுதித் தரப்படும்’ என்ற பலகை ஒவ்வொரு மேசையிலும் இருந்தது. பேருந்திலிருந்து இறங்கியதும் தன்விகா நேராக அவர்களில் ஒருவரிடம் போனாள். அவர் தம் தொழிலில் தேர்ந்தவர். தாயின் மரணம் ஆறு மாதத்துக்குத் தாங்கும் என்றும், பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனது மூன்று மாதத்துக்குமேல் செல்லாது என்றும், காதல் தோல்வியை முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அவர் எழுதுவதே இல்லை என்றும் விளக்கினார். பட்டியில் பதினான்கு மாதம் தொடர்ந்து கறுப்பு என்றதும் சற்றே யோசித்துவிட்டு, பட்டறை மூடப்பட்டு வேலையிழந்த துயரம் என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

“என்ன கேட்டாலும் பட்டறை மூடுனதை மட்டும் சொல்லுங்கப்பா. வேற கதைக்குப் போயிராதீங்க” என்றாள் தன்விகா.

“பட்டறை மூடவே இல்லையேட்டி.”

“முப்பது வருசம் ஆச்சு. எவ போயி ஷட்டரைத் தட்டிப் பாக்கப் போறா?”

அவள் காலையிலிருந்தே அப்படித்தான் கடுகடுத்துக்கொண்டிருந்தாள். பேருந்தில் பட்டியை விரித்துப் பார்த்தபோது, அந்த ஆண்டு முழுக்க மிட்டாய்க் கடையிலேயே குடியிருந்தீர்களா என்று கேட்டாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஆண்டு என்ன நடந்தது என்பதை மகளுக்குச் சொல்லிவிடக் கூடாது என்பது ஒன்றே அன்று அவர் மனத்தில் இருந்த உறுதி. அது அவளுடைய ஆண்டு. ஆறு வயதுக் குழந்தைக்கு என்ன நினைவிருக்கப் போகிறது என்பதே அவருக்கு இருந்த ஆறுதல்.

விசாரணை அறையில் இருந்த அலுவலர் ஓர் இளம்பெண். ஆதிரை என்று மேசையில் பெயர் இருந்தது. அவர் பட்டியை வாங்கி மேசையின் நீளத்துக்கு விரித்து, இரு முனைகளிலும் கனமான புத்தகங்களை வைத்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவருடைய உதட்டில் மெல்லிய சிரிப்பு ஒன்று தோன்றிற்று.

“ஐயா, மூணு மாசத்துக்கு ஒருதரம் ரெண்டு வாரம் மட்டும் தங்கமா இருந்திருக்கீங்க. எதுக்கு?”

இசக்கிராஜா தலையைச் சொறிந்தார். “டெஸ்டுக்கு முந்தி பத்தியம் இருக்கது. டாக்டர் ஏசக் கூடாதுல்லா.”

“அந்த டாக்டரை ஏமாத்துனீங்க சரி. இதை ஏமாத்த முடியாது” என்று ஆதிரை பட்டியைத் தட்டினார்.

வருகின்ற எல்லாரும் கேட்கும் கேள்வியை இசக்கிராஜாவும் கேட்டார்: சிறுநீரைப் பார்த்து முப்பது ஆண்டுக்கு முந்தைய கதையை எப்படிச் சொல்கிறார்கள்? ஆதிரை சலிப்பின்றி விளக்கினார்.

“முந்தியெல்லாம் மூத்திரத்துல புரதம் ஒழுகுதான்னு மட்டும்தான் பாப்பாங்க. அது வெள்ளம் வீட்டுக்குள்ள வந்தப்புறம் ஆத்தைப் பாக்கப் போற மாதிரி. சிறுநீரகம் தினமும் தூசி மாதிரி சின்னச் சின்னப் பைகளை உதுத்துக்கிட்டே இருக்கும். அதுக்குள்ள என்னைக்கு எப்படி அடிபட்டோம்னு தேதி வாரியாக் குறிப்பு இருக்குதுன்னு பின்னாடிதான் கண்டுபிடிச்சாங்க. நாங்க படிக்கது அந்தக் குறிப்பைத்தான்.”

பின்பு அவருடைய விரல் பட்டியில் நகர்ந்து ஓரிடத்தில் நின்றது. இரண்டாயிரத்து முப்பத்து மூன்று, ஜூன் முதல். முப்பத்து நான்கு, ஜூலை வரை. அங்கே மைப்புட்டி கவிழ்ந்ததைப் போன்று, இடைவெளி ஏதுமின்றி, அகன்ற கரும்பட்டை ஒன்று இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் இருந்தவை சிறு சிறு கீறல்களே. இன்றைய நிலைமைக்கு இந்தப் பதினான்கு மாதமே வேர் என்றார் ஆதிரை. அந்நாளில் என்ன நடந்தது?

இசக்கிராஜா பட்டறை மூடப்பட்ட கதையைச் சொன்னார். தேர்வுக்கு மனப்பாடம் செய்த மாணவனைப் போல, ஓரிடத்திலும் நிறுத்தாமல் சொன்னார். தன்விகா நடுநடுவே தலையசைத்தாள்.

ஆதிரை முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பட்டியின் கீழ்ப்பகுதியில் ஓடிய மெல்லிய நீலக்கோட்டைக் காட்டினார்.

“துக்கத்துல சாப்பிட்டா உடம்பு அதையும் சேத்துக் குறிச்சு வச்சிரும் ஐயா. இந்தக் கோடு மேல ஏறும். உங்க வீட்டம்மா தவறுன வருசம் பாருங்க, எவ்வளவு மேல போயிருக்கு. இந்தக் கரும்பட்டைக்குள்ள அது தரையோட தரையாக் கெடக்கு. நாப்பது வருசத்துல உங்க உடம்பு நிம்மதியா இருந்தது இந்தப் பதினாலு மாசம்தான்.”

இசக்கிராஜா குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. அகப்பட்டுக்கொண்டோம் என்ற அச்சமும் வரவில்லை. முப்பது ஆண்டுகளாகத் தாம் ஒருவர் மட்டுமே அறிந்திருந்த ஒன்றைத் தம்முடைய சிறுநீரகமும் அறிந்து வைத்திருக்கிறதே என்ற வியப்பே வந்தது.

அந்த ஆண்டின் மாலை நாலரை மணி. பட்டறையில் வைண்டிங் மேசையை மூடிவிட்டுச் சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்தால், முன்னறையில் சிமெண்டுத் தரையில் குழந்தை உட்கார்ந்திருக்கும். பிரைமரி காம்ப்ளக்ஸ், பிள்ளைகளுக்கு வரும் காசநோய், என்றார் மருத்துவர். ஆறு மாதம் மாத்திரை. கழுத்தெலும்பில் தண்ணீர் ஊற்றினால் தேங்கி நிற்கும் என்கிற அளவுக்குப் பிள்ளை மெலிந்திருந்தது. வெல்லம், நெய், கடலை, பேரீச்சம்பழம், ஏத்தம்பழம் என்று எடை கூட்டும் பண்டங்களாகக் கொடுக்கச் சொன்னார்கள். குழந்தை எதையும் தொடவில்லை. கோமதி கெஞ்சினாள், அடித்தாள், அழுதாள். ஒருநாள் குழந்தை அவரைப் பார்த்து, “அப்பா ஒண்ணு தின்னா நான் ஒண்ணு திம்பேன்” என்றது.

சர்க்கரை நோய் கண்டு அவருக்கு அப்போது நான்காண்டு. கோமதி அவருக்குத் தேநீரில்கூட இனிப்புக் காட்டாதவள். ஆயினும் அன்று அவளே இரண்டு தட்டுகளை எடுத்து வந்து வைத்தாள். பொரிவிளங்காய் உருண்டை, கருப்பட்டி போட்ட சத்துமாவு, தேங்காய்ப்பாலில் ஊறிய அவல். அவர் வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டு ஏமாற்றவும் வழியில்லை. குழந்தை ‘ஆ காட்டுங்க’ என்று வாயைத் திறந்து சோதிக்கும். பொரிவிளங்காய் கல்லைப் போல் இருக்கும். யார் முதலில் கடித்து உடைப்பது என்று இருவரும் போட்டி போடுவர். குழந்தைக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. அது கடைவாயில் வைத்து, முகத்தைக் கோணி, கண்ணை மூடி அழுத்தும். அப்போது அவர் சிரித்த சிரிப்பைப் போல் பின்னர் எப்போதும் சிரித்ததில்லை.

“தன்வி, கொஞ்சம் குடிக்கத் தண்ணி வாங்கிட்டு வாயேன்” என்றார்.

“தண்ணி இங்கனயே இருக்கு” என்று மேசையிலிருந்த செம்பை அவள் நகர்த்தி வைத்தாள். எழுந்திருக்கவில்லை.

வேறு வழியின்றி அவர் சொன்னார். மகளைப் பாராமல், எதிரிலிருந்த அலுவலரை மட்டும் பார்த்துச் சொன்னார். சொல்லி முடித்ததும், “பிள்ளைக்காகத் தின்னேன்னு எழுதிராதீங்கம்மா. அது பாதிதான் நெசம். எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு” என்றார்.

அலுவலருக்கு இது நல்ல செய்தியாகவே இருந்தது. பிறர்பொருட்டுக் கெட்டது என்றால் இரண்டாம் வரிசை; நன்றாக இருந்ததா இல்லையா என்று விதி கேட்பதில்லை. ஆதிரை தன்விகாவின் ஒப்புதலைப் பெற்று, அவளுடைய குழந்தைப் பருவத்து மருத்துவக் குறிப்பைத் திரையில் தேடினார். கிடைத்தது. படித்துக்கொண்டே வந்தவரின் முகம் மெல்ல மாறிற்று.

சிகிச்சை நவம்பர் மாதக் கடைசியில் நிறைவுற்றிருந்தது. எடை தேறியது, பசி நன்று, மேற்கொண்டு சிறப்பு உணவு தேவையில்லை என்று மருத்துவர் கைப்பட எழுதியிருந்தார். அஃதாவது, பதினான்கு மாதத்தில் ஆறு மாதமே பிள்ளைக்காக. எஞ்சிய எட்டு மாதம் வெறும் வாய்க்காக. பாதிக்கு மேல் எதுவோ, அதுவே வரிசையைத் தீர்மானிக்கும்.

“இல்லம்மா, அதுக்கப்புறமும் பிள்ள திங்கலையே. நான் உக்காந்தாத்தான் திங்கும்” என்றார் இசக்கிராஜா. உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் அவர் பட்டறையில் மயங்கி விழுந்து, சர்க்கரை நானூற்றைத் தாண்டியது தெரிந்து, கோமதி தட்டுகளை எடுத்து உள்ளே வைக்கும்வரை அப்படித்தான் இருந்தது. அதற்கு மறுநாளிலிருந்து குழந்தை தானாகவே உட்கார்ந்து சாப்பிட்டது. ஏழு வயது ஆகிவிட்டது, வளர்ந்துவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

“எனக்குப் பசிச்சுது மேடம்” என்றாள் தன்விகா.

அவளுடைய குரலில் காலையிலிருந்த கடுகடுப்பு இல்லை. அவள் மேசையைப் பார்த்தே பேசினாள். மாத்திரை முடிந்ததுமே தனக்கு நன்றாகப் பசித்ததாகவும், பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளின் டப்பாவையும் காலி செய்ததாகவும் சொன்னாள். வீட்டில் மட்டும் வேண்டாம் என்று சாதித்தாள். அதற்குக் காரணம் ஒன்றே: தான் வேண்டாம் என்றால்தான் அம்மா அப்பாவுக்கும் தட்டு வைப்பாள்.

“அம்மா அப்பாவுக்கு ஒண்ணுமே குடுக்க மாட்டா. தீவாளிக்குக்கூட. நான் திங்க மாட்டேன்னு சொன்னா அப்பாவுக்குக் கெடைக்கும்னு கண்டுபிடிச்சேன். அவுக திங்கதைப் பாக்க எனக்கு அவ்வளவு ஆசை. அப்பா விழுந்த அன்னைக்குத்தான் தெரிஞ்சுது என்ன பண்ணி வச்சிருக்கேன்னு. இன்னைக்குக் காலையில அந்தப் பட்டியப் பாத்ததும் எந்த வருசம்னு எனக்கு ஒருத்தரும் சொல்ல வேண்டியிருக்கல.”

பட்டறை மூடிய கதையை அவள் எதற்காக எழுதி வாங்கினாள் என்பது இப்போதுதான் இசக்கிராஜாவுக்கு விளங்கிற்று. அவர் அவளிடமிருந்து எந்த ஆண்டை மறைக்க வந்தாரோ, அதே ஆண்டை அவளும் அவரிடமிருந்து மறைக்க வந்திருக்கிறாள்.

ஆதிரை நெடுநேரம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பின்னர் நிமிர்ந்து, குரலைச் சற்றுத் தாழ்த்தி, ஒரு வழி இருக்கிறது என்றார். கலப்பட மாவும் போலி மாத்திரையும் விற்றவர்களை மனத்தில் கொண்டு இயற்றப்பட்ட பிரிவு அது. ஒருவர் ஏமாற்றியதால், தாம் ஏமாற்றப்படுகிறோம் என்பதை அறியாமல், மற்றொருவர் உண்டு கெட்டிருந்தால், கெட்டவருக்கு முதல் வரிசை. மூன்றே மாதத்தில் படுக்கை.

“ஏமாத்துனவங்க பேரைப் பதியணும். அவ்வளவுதான்.”

“பதிஞ்சா என்ன செய்வாக?” என்றார் இசக்கிராஜா.

“தண்டனை ஒண்ணும் இல்ல. பின்னாடி அவங்களுக்கு இந்த சிகிச்சை தேவைப்பட்டா, மூணாம் வரிசை.”

“ஆறு வயசுப் பிள்ளைக்கா?”

“விதி எழுதுனவங்க வயசை யோசிக்கலை ஐயா.”

தன்விகாவுக்குச் சர்க்கரை கண்டு இரண்டாண்டு ஆகியிருந்தது. அது அவருக்குத் தெரியும். அலுவலர் முன்னிருந்த திரைக்கும் தெரியும்.

“பதிஞ்சுக்கிடுங்க மேடம். உள்ளதைத்தான சொல்லுதேன்” என்றாள் அவள்.

“அப்ப ஐயாகிட்ட ஒரே ஒரு கேள்வி” என்று ஆதிரை அவர் பக்கம் திரும்பினார். “பாப்பா பொய் சொல்லுதான்னு உங்களுக்கு அப்பத் தெரியாது. சரிதானே?”

தெரியாது. இந்த நிமிடம் வரை அவருக்குத் தெரியாது. முப்பது ஆண்டுகளாக அந்த மாலைகளைத் தாம் குழந்தைக்குக் கொடுத்தவை என்றே அவர் எண்ணி மகிழ்ந்திருந்தார். அவற்றில் எட்டு மாத மாலைகளைக் குழந்தை தமக்குக் கொடுத்திருக்கிறது என்பது சற்றுமுன்தான் அவர் காதில் விழுந்தது. அதைச் சரியாக மனத்தில் ஏற்றிக்கொள்ளக்கூட இன்னும் நேரம் கிடைக்கவில்லை. ‘ஆமாம்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், அது உண்மையும்கூட.

“தெரியும்” என்றார் இசக்கிராஜா.

தன்விகா சட்டென்று திரும்பினாள்.

“தெரியும்மா. தெரிஞ்சுதான் தின்னேன். பிள்ள நடிக்குதுன்னு பெத்தவனுக்குத் தெரியாதா? தெரியாத மாதிரி நான் நடிச்சேன். என்னை யாரும் ஏமாத்தலை. ஆசைப்பட்டுத் தின்னுட்டான், மூணாம் வரிசைன்னு எழுதுங்க.”

ஆதிரை பட்டியைப் பார்த்தார். எந்த மாதத்தில் எவ்வளவு அடிபட்டது என்று அதில் இருந்தது. எந்த மாதம் நிம்மதி, எந்த மாதம் துயரம் என்றும் இருந்தது. ஒரு தகப்பனுக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை எழுதி வைக்கும் இடம் அந்த நாற்பது ஆண்டு நீளத்தில் எங்குமே இல்லை. அவர் இருமுறை, உறுதியாகச் சொல்கிறீர்களா என்று கேட்டார். இருமுறையும் ஒரே பதில் வந்தது. படிவத்தை நிரப்பி, கைரேகைப் பலகையை அவர் முன் நகர்த்தியபோது, அலுவலர் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. மதிலோரத்து மேசைகளில் கூட்டம் நிறைந்திருந்தது. இருவரும் பேருந்து நிறுத்தம் வரை நடந்தனர். இயந்திரத்தில் படுக்க வேண்டிய ஐந்தாண்டை ஒரு தொகையாக எண்ணாமல், வாரத்துக்கு மூன்று முறை, அம்பாசமுத்திரத்திலிருந்து போக வர என்று இசக்கிராஜா மனத்துக்குள் பிரித்துப் பார்த்தார். அச்சம் வந்தது. அதை மகளுக்குக் காட்டவில்லை.

நிறுத்தத்தில் நிழல் இருந்த பக்கமாக அவரை உட்கார வைத்துவிட்டு, அவள் எதிரே நின்றாள்.

“நெசமாத் தெரியுமாப்பா? இல்ல அங்கன வச்சுச் சொன்னதா?”

அவர் யோசிக்கவே இல்லை. எதையாவது உடனே சொல்லியாக வேண்டும் என்பதற்காக, வாயில் வந்ததைச் சொன்னார். “நீ வேண்டாம் வேண்டாம்னு சொல்லும்போது உன் கால் ரெண்டும் ஆடிட்டே இருக்கும்லாட்டி. பசிக்காத பிள்ள அப்படிக் காலாட்டுமா?”

சொல்லிவிட்ட பிறகு அவர் இருந்த இடம் பேருந்து நிறுத்தமாக இல்லை. சிமெண்டுத் தரை; மாலை நாலரை மணி; நீட்டிய இரண்டு சிறு கால்கள்; தலை ‘வேண்டாம்’ என்று ஆட, அதற்கு எதிர்ப்பக்கமாக ஆடிய பாதங்கள். அப்படித்தான் ஆடின. எட்டு மாதமும் அவர் கண்ணெதிரில்தான் ஆடின. பார்த்திருக்கிறார், ஒரு நாளும் அதன் பொருளை யோசித்ததில்லை.

“அப்பத் தெரிஞ்சும் ஏன் தின்னீங்க?” என்று கேட்டாள் தன்விகா. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“நீ குடுத்தல்லா” என்றார் அவர்.